விலகிய நிறுவனத்தின் கார் வடிவமைப்புக்கு முன்பணம் கொடுத்த பந்தய அணி வழக்குத் தொடரலாமா?

கேள்வி: நான் இங்கிலாந்தில் வசிக்கிறேன். புதிதாகத் தொடங்கிய ஒரு கார் பந்தய அணியில் நான்கில் ஒரு பங்கு வைத்திருக்கும் இயக்குநர். அடுத்த பருவத்தில் பங்கேற்க எங்களுக்கு அனுமதி கிடைத்துவிட்டது. பந்தயத்தை விட்டு விலகுவதாக அறிவித்த ஒரு கார் நிறுவனத்தின் ஜெர்மனிக் கிளை, அடுத்த ஆண்டுக்கென்று வரைந்து முடித்திருந்த காரின் முழு வடிவமைப்பையும் மூன்று தவணைகளில் எங்களுக்குத் தர ஒப்புக்கொண்டது. முதல் தவணையைக் கொடுத்துவிட்டோம். எங்கள் முதலீட்டாளர் தாமதித்ததால் இரண்டாம் தவணை 7 வாரம் தள்ளிப்போயிற்று. அதற்குள் ஒப்பந்தம் முடிந்துவிட்டதாகக் கடிதம் அனுப்பிவிட்டு வேறொரு அணியுடன் பேசிக்கொண்டிருக்கிறார்கள். எங்களை நம்பி அங்கிருந்து விலகி வந்த 11 பொறியாளர்கள் இப்போது எங்கள் அலுவலகத்தில் வேலை செய்கிறார்கள். சேஸிக்கான, அதாவது காரின் அடிச்சட்டத்துக்கான, வார்ப்பு அச்சுகள் செய்யும் வேலையும் தொடங்கிவிட்டது. அவர்கள் கைவிட்ட ஊழியர்களுக்கு வாழ்வு கொடுத்த எங்களுக்கே இப்படிச் செய்தது பச்சைத் துரோகம். மற்ற அணிக்கு விற்பதைத் தடுக்கவும் இழப்பீடு கேட்கவும் வழக்குப் போடலாமா?

பதில்: உங்கள் கடிதத்தின் ஆறு பக்கங்களில் ஐந்து பக்கங்கள், அந்த நிறுவனத்தின் மேலாளர் இரவு விருந்தில் என்ன சொன்னார், யார் யாருக்கு எப்படி உதவினார், எந்தத் தொலைபேசி அழைப்பை எடுக்கவில்லை என்பவற்றைப் பற்றியவை. அந்த வருத்தம் எனக்குப் புரிகிறது. ஆனால் அவற்றில் எதுவும் உங்கள் வழக்கை ஓர் அங்குலமும் நகர்த்தாது. நீதிமன்றம் கேட்கப்போவது ஒரே ஒரு கேள்விதான்: அந்த வடிவமைப்பைப் பயன்படுத்தும் உரிமை எந்தத் தாளின் மூலம், எந்தத் தேதியில் உங்கள் நிறுவனத்துக்கு வந்தது?

நீங்கள் இணைத்து அனுப்பிய ஒப்பந்தத்தின் நான்காம் பத்தி, முழுத் தொகையும் செலுத்தப்பட்ட பின்னரே உரிமை மாற்றப் பத்திரம் கையெழுத்தாகும் என்று சொல்கிறது. அந்தப் பத்திரம் இன்றுவரை கையெழுத்தாகவில்லை. வேறு எவருக்கும் விற்பதில்லை என்ற உறுதிமொழியோ இரண்டாம் தவணையின் தேதிவரை மட்டுமே நீடிக்கிறது. அந்தத் தேதியைத் தவறவிட்டவர் நீங்கள். ஒப்பந்தம் இங்கிலாந்துச் சட்டத்துக்கு உட்பட்டது என்பதால் 1988ஆம் ஆண்டின் பதிப்புரிமை, வடிவமைப்பு மற்றும் காப்புரிமைச் சட்டம் பொருந்தும். அதன்படி உரிமை மாற்றம் எழுத்திலும், கொடுப்பவரின் கையெழுத்துடனும் இருந்தாக வேண்டும். நிலத்துக்கு முன்பணம் கொடுத்து விற்பனை ஒப்பந்தம் மட்டும் போட்டவர், கிரயப் பத்திரம் பதிவாகும் முன் வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டினால் எந்த நிலையில் இருப்பாரோ, அந்த நிலையில்தான் உங்கள் அணி இன்று இருக்கிறது. ஆகவே மற்ற அணிக்கு விற்பதைத் தடுக்க உங்களிடம் உரிமை இல்லை. முதல் தவணையைத் திரும்பக் கேட்கும் வாதம் மட்டும் ஓரளவு உண்டு. அதைப் பின்னால் சொல்கிறேன்.

உங்கள் கூட்டாளிகள் 2009ஆம் ஆண்டின் பிரான் அணியை முன்மாதிரியாகக் காட்டுவதாக எழுதியிருக்கிறீர்கள். ஹோண்டா 2008 டிசம்பரில் ஃபார்முலா ஒன்னை விட்டு விலகுவதாக அறிவித்தது. அந்த அணியின் தலைவராக இருந்த ராஸ் பிரான் தலைமையிலானவர்கள் 2009 மார்ச்சில் அந்த அணியைப் பெயரளவு விலையான 1 பவுண்டுக்கு வாங்கி, அதே ஆண்டில் இரண்டு சாம்பியன் பட்டங்களையும் வென்றார்கள். ஆனால் அவர்கள் வாங்கியது நிறுவனத்தையே. இங்கிலாந்தின் பிராக்லியில் இருந்த தொழிற்சாலை, வரைபடங்கள், பொறியாளர்களின் வேலை ஒப்பந்தங்கள், அதன் பின் நடந்த ஆட்குறைப்பின் பொறுப்பு எல்லாம் ஒரே பெயரின் கீழ் இருந்தன. கோப்பு யாருடையது என்ற கேள்வியே அங்கே எழ வழியில்லை. நீங்கள் நிறுவனத்தை விட்டுவிட்டு, வடிவமைப்பைத் தனியாகவும் ஆட்களைத் தனியாகவும் எடுக்க முயன்றிருக்கிறீர்கள்.

உங்கள் கதைக்கு நெருக்கமானது டொயோட்டாவின் கதை. அந்த நிறுவனம் 2009 நவம்பரில் விலகியபோது, ஜெர்மனியின் கொலோனில் இருந்த அதன் அணியிடம் அடுத்த ஆண்டுக்கான கார் வடிவமைப்பு ஏறத்தாழத் தயாராக இருந்தது. செர்பியாவின் ஸ்டெஃபான் அணி அந்தக் காரோடு வர முயன்றது. 2010இல் பந்தயத்தில் பங்கேற்கும் அனுமதி கிடைக்காததால் முயற்சி முடிந்துபோனது. அதன் பிறகு, இத்தாலியின் டல்லாரா நிறுவனம் கட்டிய காரோடு 2010 பருவத்தை ஓட்டிய ஸ்பெயினின் எச்.ஆர்.டி. அணி டொயோட்டாவுடன் உடன்பாடு செய்தது. ஒப்பந்தக் கடமைகளை அந்த அணி நிறைவேற்றவில்லை என்று கூறி டொயோட்டா அதே ஆண்டு நவம்பரில் உடன்பாட்டை முறித்துக்கொண்டது. எச்.ஆர்.டி. தன் பழைய காரை அடிப்படையாகக் கொண்டு அடுத்த ஆண்டைச் சமாளிக்க வேண்டியதாயிற்று. விலகும் நிறுவனத்துக்கு உங்களை வாழவைக்கும் கட்டாயம் எதுவும் கிடையாது. பணம் வராவிட்டால் வரைபடத்தைப் பூட்டிவைத்துவிட்டு அது பேசாமல் இருந்துவிடலாம்.

இனி நான் உண்மையில் கவலைப்படும் இடத்துக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தின் கடைசிப் பக்கத்தில், நீங்கள் பெருமையோடு எழுதியிருக்கும் ஒரு வரி இருக்கிறது: பொறியாளர்களில் ஒருவர் முதல் நாளே தம் ஹார்டு டிஸ்க்கை உங்கள் கணினியில் இணைத்து, முன்புறச் சஸ்பென்ஷன் முழுவதையும் ஒரு மணி நேரத்தில் திரையில் கொண்டுவந்துவிட்டார் என்பது. அந்த ஒரு வரி, நீங்கள் போட நினைக்கும் வழக்கில் உங்களை வாதியின் இடத்திலிருந்து பிரதிவாதியின் இடத்துக்கு மாற்றப் போதுமானது.

பொறியாளரின் மூளையில் உள்ள திறமையும் அனுபவமும் அவருடையவை. ஊழியரின் பொதுத் திறமைக்கும் முதலாளியின் தொழில் இரகசியத்துக்கும் இடையிலுள்ள கோட்டை, இங்கிலாந்து மேல்முறையீட்டு நீதிமன்றம் 1980களில் ஃபாசெண்டா சிக்கன் என்ற கோழி இறைச்சி நிறுவனத்தின் வழக்கில் வகுத்துத் தந்தது; இன்றுவரை எல்லோரும் அதிலிருந்துதான் தொடங்குகிறார்கள். சஸ்பென்ஷனை எப்படி வடிவமைப்பது என்று அவர் அறிந்திருப்பது அவர் உடைமை. அந்தச் சஸ்பென்ஷனின் அளவுகள் அடங்கிய கோப்பு அவருடையதல்ல; அதை அவரே தம் கையால் வரைந்திருந்தாலும் அல்ல. வரைபடத்தைப் பார்த்துப் பொருளைச் செய்வது பதிப்புரிமை மீறலாகாது என்று 1988 சட்டத்தின் 51ஆம் பிரிவில் படித்துவிட்டு என்னிடம் வாதாடிய கட்சிக்காரர்கள் உண்டு. அந்தப் பிரிவு பதிப்புரிமையை மட்டுமே பற்றியது. இரகசியத் தகவலைப் பயன்படுத்தியதற்கான பொறுப்பை அது தொடுவதேயில்லை. பந்தயக் கார் வழக்குகள் பெரும்பாலும் அந்தப் பொறுப்பின் மேல்தான் நடக்கின்றன.

இதில் நீங்கள் படிக்க வேண்டிய தீர்ப்பு, ஃபோர்ஸ் இந்தியா அணி தொடுத்த வழக்கில் நீதிபதி ஆர்னால்டு 2012 மார்ச்சில் வழங்கியது. இத்தாலியின் ஏரோலேப் நிறுவனம் ஃபோர்ஸ் இந்தியாவுக்குக் காற்றுச் சுரங்கச் சோதனை வேலை செய்துவந்தது. அணி பணம் பாக்கி வைத்தது. ஏரோலேப் விலகி, 2010இல் களமிறங்கவிருந்த புதிய லோட்டஸ் அணிக்கு உடனே வேலையைத் தொடங்கியது. பழைய வாடிக்கையாளரின் கணினி வரைபடக் கோப்புகளைச் சில வரைவாளர்கள் குறுக்குவழியாகப் பயன்படுத்தியது நிரூபணமாயிற்று. திட்டமிட்டுக் காரையே நகலெடுத்தார்கள் என்ற குற்றச்சாட்டு நிரூபணமாகவில்லை. பெருந்தொகை கேட்டுப் போன ஃபோர்ஸ் இந்தியாவுக்குக் கிடைத்த இழப்பீடு 25,000 யூரோ. அது ஏரோலேபுக்குத் தர வேண்டிய பாக்கியான 8,46,230 யூரோவைக் கட்டும்படி அதே தீர்ப்பு உத்தரவிட்டது. இரண்டு செய்திகளையும் சேர்த்துப் படியுங்கள். கோப்பைத் தொட்டவர் தப்பவில்லை. பணத்தைத் தராதவரும் தப்பவில்லை. உங்கள் அணி இன்று இரண்டு இடங்களிலும் ஒரே நேரத்தில் நிற்கிறது.

இழப்பீடு அவ்வளவு சிறியதுதானே என்று உங்கள் கூட்டாளிகள் சொல்லக்கூடும். இழப்பீட்டைக் கண்டு நான் அஞ்சவில்லை; இடைக்காலத் தடையாணையைக் கண்டுதான் அஞ்சுகிறேன். களவாடிய தகவலால் ஒருவர் எத்தனை மாத உழைப்பை மிச்சப்படுத்தினாரோ, அத்தனை காலம் அவரைத் தடுத்துவைக்க நீதிமன்றத்தால் முடியும். ஜனவரியில் அப்படி ஓர் ஆணை வந்தால் உங்கள் அச்சுகள் தொழிற்கூடத்தில் கிடக்கும். மார்ச்சில் பந்தயம் உங்களை விட்டுவிட்டுத் தொடங்கிவிடும். வழக்கு பின்னால் வென்றாலும் போன பருவம் திரும்பி வராது. விளையாட்டு அமைப்பின் தண்டனை தனி. 2007இல் ஃபெராரியின் 780 பக்கத் தொழில்நுட்ப ஆவணங்கள் மெக்லாரனின் தலைமை வடிவமைப்பாளர் கையில் இருந்தது வெளிப்பட்டது, அவற்றை நகலெடுக்கக் கொடுத்த கடையின் ஊழியர் ஃபெராரிக்குத் தகவல் சொன்னதால்தான். மெக்லாரனுக்கு 10 கோடி டாலர் அபராதமும் அந்த ஆண்டின் அணிப் புள்ளிகள் முழுவதின் இழப்பும் வந்தன. கொடுத்தவர் மனமுவந்து கொடுத்த வடிவமைப்பும் விதிப்படி உங்களுடையதாகிவிடாது: 2020இல் ரேசிங் பாயின்ட் அணி, மெர்சிடிஸின் முந்தைய ஆண்டு காரில் பிரேக்கைக் குளிர்விக்கும் காற்றுக்குழாயின் வடிவமைப்பைப் பயன்படுத்தியதற்கு 15 புள்ளிகளையும் 4 லட்சம் யூரோவையும் இழந்தது. எந்தெந்தப் பாகங்களை அணியே வடிவமைத்திருக்க வேண்டும் என்று உங்கள் தொடரின் விதிப்புத்தகம் சொல்வதை, இந்த வடிவமைப்புக்கு மேற்கொண்டு ஒரு யூரோ கொடுக்கும் முன் படித்துப் பாருங்கள்.

நான் பார்த்த கட்சிக்காரர்களில் பலர் இதைக் கேட்டவுடன் செய்யும் முதல் காரியம், கோப்புகளை அழிக்கச் சொல்வது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். தகராறு தொடங்கிய பின் அழிப்பது சாட்சியத்தை அழிப்பதாகும். தவறாகப் பயன்படுத்திய குற்றச்சாட்டுக்காவது பதில் சொல்ல வழி உண்டு, அழித்ததற்குக் கிடையாது. அழித்ததாலும் அது மறையாது. ஒவ்வொரு கோப்பின் உள்ளேயும், எந்தப் பாகம் எதிலிருந்து வந்தது என்று கிளை கிளையாகக் காட்டும் பட்டியல் இருக்கும். உங்கள் அணியின் பெயரில் சேமித்த சஸ்பென்ஷன் கோப்பைத் திறந்து அந்தப் பட்டியலில் நாலு வரி கீழே போனால், பழைய நிறுவனத்தின் பாக எண்ணும் அதை முதலில் வரைந்தவரின் பயனர் பெயரும் அப்படியே இருக்கும். எதிர்த்தரப்பு நிபுணர் முதலில் பார்ப்பது அதைத்தான். அந்த ஹார்டு டிஸ்க்கையும், அது இணைக்கப்பட்ட கணினியையும் வலைப்பின்னலிலிருந்து பிரித்து, வெளியிலுள்ள தடயவியல் நிறுவனம் ஒன்றைக் கொண்டு நகலெடுத்து முத்திரையிட்டு, உங்கள் வழக்கறிஞரிடம் ஒப்படையுங்கள். சேஸி அச்சு வேலையை அன்றே நிறுத்துங்கள். அந்த 11 பேரிடமும், வீட்டுக் கணினி, பென் டிரைவ், சொந்த மின்னஞ்சல் உட்பட என்ன வைத்திருக்கிறார்கள் என்று எழுதி வாங்குங்கள். அவர்களுக்குத் தனி வழக்கறிஞர் வேண்டும். உங்கள் வழக்கறிஞர் அவர்களுக்காகப் பேச முடியாது, ஏனெனில் அவர்கள் நலனும் உங்கள் நலனும் ஒன்றல்ல. ஃபெராரியின் தகவல் டொயோட்டா அணிக்குப் போன விவகாரத்தில் 2007இல் இத்தாலிய நீதிமன்றம் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தது ஃபெராரியின் முன்னாள் ஊழியர்கள் இருவரைத்தான். உங்களை நம்பி ஊரை விட்டு வந்த அந்தப் பொறியாளருக்கும் குடும்பம் இருக்கிறது. அவரைப் பாதுகாப்பது உங்கள் கடமை என்றே நான் கருதுகிறேன்.

பொறியாளர்களைப் பற்றி இன்னொன்று. ஜெர்மானிய சிவில் சட்டத் தொகுப்பின் 613-ஏ பிரிவின்படி, ஒரு தொழிலோ அதன் ஒரு பகுதியோ கைமாறினால் அங்குள்ள ஊழியர்களின் வேலை ஒப்பந்தமும் வாங்கியவரிடம் தானாகவே வந்து சேரும். கைமாற்றத்தைக் காரணமாகக் காட்டி எவரையும் நீக்க முடியாது. வரைபடங்களோடும் மென்பொருளோடும் வடிவமைப்புக் குழுவின் பெரும்பகுதியையும் சேர்த்து எடுத்தால், அது கைமாற்றம்தான் என்று நீங்கள் தேர்ந்தெடுக்காத ஊழியர்கள் வாதிட இடமுண்டு. வேலை எல்லை தாண்டிப் போவதால் மட்டும் இந்தப் பிரிவு விலகிவிடாது என்பதை, வேலை சுவிட்சர்லாந்துக்கு மாறிய ஒரு வழக்கில் ஜெர்மனியின் கூட்டாட்சித் தொழிலாளர் நீதிமன்றம் 2011இல் ஏற்றிருக்கிறது. புதிய உடன்பாடு எழுதும்போது இந்தப் பொறுப்பு யாருடையது என்று ஒரு பத்தி இல்லாவிட்டால், 11 பேருக்குச் சம்பளம் போட்ட உங்களிடம் 40 பேர் உரிமை கேட்டு வரலாம்.

ஆகவே என் ஆலோசனை: வழக்கு வேண்டாம், சமரசத்துக்குப் போங்கள். அதுவும் அவர்கள் மற்ற அணியிடம் கையெழுத்துப் போடும் முன் போங்கள். உங்கள் கையிலுள்ள ஒரே பிடி, எந்த உரிமையும் கிடைக்காமலே நீங்கள் கொடுத்திருக்கும் முதல் தவணை. அதைத் திரும்பக் கேட்கும் வழக்கை விலகும் நிறுவனம் விரும்பாது. கணக்கை மூடிவிட்டுப் போகவே அது விரும்பும். வடிவமைப்பு உங்களுக்கு மட்டுமே வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்காதீர்கள். இரண்டு அணிகளுக்கும் பயன்பாட்டு உரிமம் என்றாலும், தொடரின் விதிகள் இடம் தந்தால், ஒப்புக்கொள்ளுங்கள். அந்த உரிமம், அதைத் தரும் அதிகாரமுள்ள நிறுவனத்தின் பெயரில் இருக்க வேண்டும்; ஜெர்மனிக் கிளையிடம் அந்த அதிகாரம் இருக்கிறதா, தாய் நிறுவனத்திடம் இருக்கிறதா என்பதை எழுத்தில் கேளுங்கள். பொறியாளர்கள் இதுவரை கொண்டுவந்தவற்றுக்கும் பயன்படுத்தியவற்றுக்கும் முன்தேதியிலிருந்து சட்டப் பொறுப்பிலிருந்து விடுவிப்பு வேண்டும், அதில் அந்த 11 பேரும் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட வேண்டும். இந்தப் பத்திக்காக விலையில் விட்டுக்கொடுக்க நேர்ந்தாலும் கொடுங்கள். கடிதத்தில் துரோகம் என்ற சொல் வேண்டாம். சமரசப் பேச்சு பின்னால் உங்களுக்கு எதிரான சாட்சியமாகாமல் இருக்க ‘உரிமைகளுக்குப் பாதகமின்றி’ (without prejudice) என்று தலைப்பிட்டு, இரண்டு பக்கத்துக்குள் எழுதச் சொல்லுங்கள். இரண்டாம் தவணைக்கான வங்கி உத்தரவாதத்தை உங்கள் முதலீட்டாளரிடமிருந்து வாங்கிய பிறகே அந்தக் கடிதத்தை அனுப்புங்கள். அது இல்லாமல் அனுப்பினால் அவர்கள் பதில்கூடப் போடமாட்டார்கள்.