மாதம் 600 ரிங்கிட்டுக்கு லிங்க் பேக்கேஜ்: வாங்கலாமா?

கேள்வி: சுங்கை சிப்புட்டில் மணவறை அலங்காரமும் மாலை கட்டும் வேலையும் செய்கிறேன். மகன் ஓர் இணையத்தளம் செய்து கொடுத்திருக்கிறான். ஆனால் கூகுளில் தேடினால் ஈப்போ கடைகள்தான் முதலில் வருகின்றன. ஒருவர் வாட்சப்பில் பேசினார். அவர்களுக்குச் சொந்தமான 40 பிளாக்குகளில் (வலைப்பூக்களில்) என் கடைக்கு லிங்க் போடுவார்களாம், இரண்டே மாதத்தில் முதல் பக்கத்துக்கு வந்துவிடலாமாம். மாதம் 600 ரிங்கிட், ஆறு மாத ஒப்பந்தம். எந்தெந்த பிளாக் என்று கேட்டால், 'அது தொழில் ரகசியம் அக்கா' என்கிறார். பணம் கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள், சகோதரி. ஆறு மாதத்துக்கு 3,600 ரிங்கிட். முகூர்த்த நாள்களில் இரவெல்லாம் கண்விழித்து மாலை கட்டிச் சேர்த்த காசு அது.

அவர் விற்பதை இந்தத் தொழிலில் பிபிஎன் என்பார்கள். ஒரே ஆளின் கையில் இருக்கும் பல தளங்களின் கூட்டம். கூகுள் தொடங்கிய 1998-ஆம் ஆண்டிலிருந்தே, ஒரு தளத்துக்கு மற்ற தளங்கள் தரும் லிங்க்கை அது ஒரு பரிந்துரையாக எடுத்துக்கொள்கிறது. ஊரில் பத்துப் பேர் தாமாகவே உங்கள் பெயரைச் சொன்னால் அதற்கு மதிப்பு உண்டு. பிபிஎன் என்பது ஒரே ஆள் பத்துச் சட்டை மாற்றிக்கொண்டு வந்து பத்து முறை சொல்வது.

அந்தச் சட்டைகள் எங்கிருந்து வருகின்றன என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். ஒரு சங்கமோ பள்ளியோ தன் தளத்தின் முகவரிப் பெயரை (டொமைன்) புதுப்பிக்காமல் விட்டுவிடும். அந்தத் தளத்துக்குப் பழைய லிங்க்குகள் இன்னும் இருப்பதால், ஏலத்தில் இவர்கள் அந்தப் பெயரை வாங்கி, அவசரமாகச் சில கட்டுரைகளை நிரப்பி, இடையில் வாடிக்கையாளரின் லிங்க்கைச் செருகுவார்கள். இன்று மணவறை, நாளை டயர், மறுநாள் சூதாட்டம். இப்படிக் காலாவதியான பெயர்களை வாங்கித் தரவரிசைக்காகப் பயன்படுத்துவதை 2024 மார்ச்சில் கூகுள் தன் ஸ்பேம் விதிகளில் பெயர் சொல்லியே சேர்த்துவிட்டது. காசுக்கு லிங்க் வாங்குவது அதற்கு வெகு காலம் முன்பிருந்தே விதிமீறல்தான்.

'மாட்டினால்தானே' என்று அவர் சொல்லக்கூடும். மாட்டாவிட்டாலும் நட்டம் உங்களுக்குத்தான். கூகுளின் தரவரிசை முறையில் 2012 ஏப்ரலில் வந்த பென்குவின் மாற்றம் இப்படிப்பட்ட தளங்களைக் கீழே தள்ளியது. 2016-இலிருந்து கூகுள் பெரும்பாலும் தண்டிப்பதில்லை. போலி லிங்க்கைக் கணக்கில் சேர்க்காமல் விட்டுவிடுகிறது. அப்படியானால் எச்சரிக்கை வராது, தளம் காணாமல் போகாது, மாதம் 600 மட்டும் போய்க்கொண்டே இருக்கும். எனக்கு இதுதான் அதிகம் வருத்தம் தருகிறது. வேலை நடக்கவில்லை என்பதற்குக்கூட உங்கள் கையில் ஆதாரம் இருக்காது. பணம் நின்ற அன்றே அவர் லிங்க்கை எடுத்துவிடவும் முடியும். பிளாக் அவருடையது, ஆபத்து மட்டும் உங்களுடையது.

முகவரிகளைக் காட்டாததற்குக் காரணம் இருக்கிறது. பட்டியல் கையில் இருந்தால் எவரும் இணைய ஆவணக் காப்பகத்தின் வேபேக் மெஷினில் போட்டு, அந்தத் தளம் முன்பு யாருடையது என்று பார்த்துவிடலாம். 'எங்கள் பிளாக்குகளுக்கு டிஏ 40, டிஆர் 50' என்று எண்களைக் காட்டினாலும் மயங்காதீர்கள். டிஏ, மோஸ் என்ற நிறுவனம் ஒரு தளத்தின் வலிமைக்குப் போடும் மதிப்பெண். டிஆர், ஏஹெச்ரெஃப்ஸ் என்ற நிறுவனம் போடுவது. இரண்டும் கூகுளின் கணக்கு அல்ல. முதலிடத்துக்கு எவராலும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுளே எழுதி வைத்திருக்கிறது.

இனி ஈப்போ கடைகள் விஷயம். வட்டாரக் கடைகளை வரிசைப்படுத்தும்போது கூகுள் மூன்றைப் பார்க்கிறது: தேடியதற்குப் பொருத்தமா, எவ்வளவு தூரம், எவ்வளவு அறியப்பட்ட கடை. ஈப்போவில் உட்கார்ந்து தேடுபவருக்கு ஈப்போ கடை முன்னால் வருவது இயல்பு. அந்தத் தூரத்தை எந்தப் பேக்கேஜாலும் குறைக்க முடியாது. பொருத்தமும் பெயரும்தான் உங்கள் கையில். கூகுள் தேடலிலும் மேப்பிலும் கடை விவரத்தைக் காட்டும் கூகுள் பிசினஸ் புரொஃபைல் இலவசம். மகனிடம் சொல்லி அதில் சரியான தொழில் வகை, வேலை நேரம், நீங்கள் போய்ச் செய்துவரும் ஊர்கள், சொந்தமாக எடுத்த மணவறைப் படங்கள் எல்லாவற்றையும் போடச் சொல்லுங்கள். கல்யாணம் முடிந்த கையோடு பெண் வீட்டாரிடம் ஒரு விமர்சனம் எழுதித் தரக் கேளுங்கள். அதற்குக் காசோ கழிவோ தராதீர்கள், அதுவும் விதிமீறல். தளத்தில் 'கோலகங்சார் மண்டபத்தில் செய்த தாமரை மணவறை' என்று வேலைக்கு ஒரு பக்கம் எழுதுங்கள். நீங்கள் அலங்கரித்த மண்டபக்காரரும் படம்பிடித்தவரும் தங்கள் தளத்தில் உங்கள் பெயரைப் போட்டால், நீங்கள் தேடும் லிங்க் அதுதான்.

கேள்வி: இப்படி ஒரு லிங்க் பேக்கேஜுக்கு நான் ஏற்கெனவே ஓராண்டு கட்டிவிட்டேன். டயர் கடை. இப்போது தள உரிமையாளர்களுக்குக் கூகுள் தரும் சர்ச் கன்சோலில் 'இயல்பற்ற லிங்க்குகள்' என்று செய்தி வந்திருக்கிறது. லிங்க்கை எடுக்க அதே ஆள் 1,500 ரிங்கிட் கேட்கிறார்.

பதில்: ஒரு காசும் தராதீர்கள். லிங்க்கை எடுக்கச் சொல்லி எழுத்து மூலம் கேளுங்கள், அந்தச் செய்தியைப் பத்திரப்படுத்துங்கள். எடுக்காவிட்டால் சர்ச் கன்சோலின் லிங்க் அறிக்கையைப் பதிவிறக்கி, அந்தத் தளங்களின் பட்டியலைக் கூகுளின் டிஸவாவ் கருவியில் ஏற்றுங்கள். 'இவற்றைக் கணக்கில் எடுக்க வேண்டாம்' என்று சொல்லும் கருவி அது; 2012-இலிருந்து இருக்கிறது, கட்டணம் இல்லை. பிறகு கூகுளுக்கு மறுபரிசீலனை விண்ணப்பம் போடுங்கள். நடந்ததை மறைக்காமல் எழுதுங்கள்: யாரிடம் என்ன வாங்கினீர்கள், எவற்றை எடுத்தீர்கள், எவை மீதம். பதில் வர வாரங்கள் ஆகலாம். செய்தி எதுவும் வராத மற்ற கடைக்காரர்கள் பயந்துபோய் இந்தக் கருவியைத் தொட வேண்டாம். நல்ல லிங்க்கையும் வெட்டிவிடுவீர்கள்.

பணத்தைத் திரும்பப் பெற முடியுமா என்றால், பயனீட்டாளர் நடுவர் மன்றம் உங்களுக்கு உதவாது. 50,000 ரிங்கிட் வரை அங்கே கோரலாம்தான். ஆனால் 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் சொந்த, வீட்டு உபயோகத்துக்கு வாங்கும் வகைப் பொருளுக்கும் சேவைக்கும் உரியது. கடைக்காக வாங்கிய லிங்க் அதில் வராது. 5,000 ரிங்கிட்டுக்கு உட்பட்ட தொகையென்றால் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் சிறு கோரிக்கை வழக்கு இருக்கிறது. வழக்கறிஞர் வைக்காமல் நீங்களே போடலாம். வாட்சப் உரையாடல், வங்கிப் பரிமாற்ற ரசீது, 'முதல் பக்கம் உறுதி' என்று அவர் எழுதிய வரி எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள். அந்த வரி இல்லையென்றால் வழக்கு பலவீனம்தான்.

கேள்வி: தமிழ்ப்பள்ளி விளையாட்டுப் போட்டிக்கு நன்கொடை கொடுத்தேன். பெற்றோர் ஆசிரியர் சங்கத் தளத்தில் என் கடைப் பெயரை லிங்க்கோடு போடுவதாகச் சொல்கிறார்கள். அதுவும் தப்பா?

பதில்: தாராளமாகப் போடச் சொல்லுங்கள். விளம்பரத்துக்கோ நன்கொடைக்கோ லிங்க் தருவதைக் கூகுள் தடுக்கவில்லை. பணம் சம்பந்தப்பட்டது என்று லிங்க்கில் குறித்துவிட்டால் போதும். அதற்கென்றே 2019-இல் 'ஸ்பான்சர்ட்' என்ற குறியீடு வந்தது. தளத்தைப் பார்த்துக்கொள்ளும் ஆசிரியரிடம் சொன்னால் சில நிமிடத்தில் சேர்த்துவிடுவார். அந்த லிங்க் உங்களைத் தரவரிசையில் ஏற்றாது. ஆனால் பிள்ளைகளின் போட்டிப் படங்களைப் பார்க்க வரும் பெற்றோர் கண்ணில் உங்கள் கடைப் பெயர் படும்.