வேற்றுலக அறிவு: தூரமும் காலமும்

அன்புள்ள ஐயா,

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் நிக்கு மதுசூதனன் குழுவினர் 2025 ஏப்ரலில் வெளியிட்ட அறிவிப்பைப் படித்ததிலிருந்து ஒரு கேள்வி என்னை விடாமல் துரத்துகிறது. கே2-18பி என்னும் கோளின் வளிமண்டலத்தில், பூமியில் கடல் நுண்ணுயிர்கள் உண்டாக்கும் டைமெத்தில் சல்ஃபைடு வாயுவின் தடயம் தெரிவதாக அவர்கள் சொல்கிறார்கள். அக்கோள் இருக்கும் 124 ஒளியாண்டுத் தொலைவு, பால்வெளியின் அளவோடு பார்த்தால் மிக அருகில். அங்கேயே உயிர் உண்டென்றால், இத்தனை ஆயிரம் கோடி விண்மீன்களிடையே அறிவுள்ள உயிர்கள் எத்தனையோ இருந்தாக வேண்டும் அல்லவா? பிறகு ஏன் ஒருவரும் வரவில்லை? என்றாவது ஒரு சந்திப்பு நிகழும் என்று நீங்கள் நம்புகிறீர்களா?

அன்புடன்,
ஆர்.

அன்புள்ள ஆர்.,

உயிர் உண்டா என்பதிலிருந்து அறிவுள்ள உயிர் உண்டா என்பதற்கும், அங்கிருந்து அது நம்மைச் சந்திக்குமா என்பதற்கும் ஒரே மூச்சில் சென்றுவிட்டீர்கள். பெரும்பாலோர் அப்படித்தான் செல்கிறோம். ஆனால் இவற்றில் ஒவ்வொன்றும் முந்தையதைவிடப் பெரிய தாவல்.

முதலில் அந்தச் செய்தி. ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியின் தரவில் அக்குழு கண்டதாகச் சொன்ன தடயம் மூன்று சிக்மா அளவிலான உறுதியே கொண்டது (ஒரு முடிவு தற்செயல் அல்ல என்பதன் உறுதியை அளக்கும் புள்ளியியல் அலகு சிக்மா). கண்டுபிடிப்பு என்று அறிவிக்க வழக்கமாகக் கோரப்படுவது ஐந்து. அதே தரவைத் தனியே ஆராய்ந்த வேறு குழுக்கள் அந்த முடிவை ஏற்கவில்லை. மேலும், ரொசெட்டா விண்கலம் திரட்டிய தரவில், 67பி என்ற உயிரற்ற வால்நட்சத்திரத்திலும் இதே வாயு அடையாளம் காணப்பட்டிருக்கிறது. எனவே வாயு இருப்பது உறுதியானாலும் உயிர் இருப்பது உறுதியாகிவிடாது.

இருந்தாலும் உங்கள் வாதத்துக்காக, அங்கே கடலும் அக்கடலில் உயிர்களும் இருப்பதாகவே கொள்வோம். ஆக்டோபஸையும் டால்பினையும் விஞ்சும் மூளைகூட அங்கே உருவாகியிருக்கட்டும். தண்ணீருக்குள் நெருப்பு மூட்ட முடியாது; நெருப்பில்லாமல் உலோகத்தை உருக்க முடியாது; உலோகம் இல்லாதவர்கள் வானொலி அலைகளை அனுப்பும் வழியை என்னால் கற்பனை செய்ய முடியவில்லை. அதற்கு மேலும் ஒரு தடை உண்டு. அக்கோளின் நிறை பூமியைப் போல் எட்டரை மடங்குக்கும் மேல், ஆரம் ஏறத்தாழ 2.6 மடங்கு. கணக்கிட்டுப் பார்த்தால், அதன் ஈர்ப்பிலிருந்து விடுபட வினாடிக்குச் சுமார் 20 கிலோமீட்டர் வேகம் வேண்டும், பூமியில் 11.2 போதும். வேகம் கூடக்கூட ராக்கெட்டுக்கு வேண்டிய எரிபொருள் பன்மடங்காகப் பெருகுவதால், நாம் அறிந்த வேதி எரிபொருள்களைக் கொண்டு அங்கிருந்து கிளம்புவது ஏறக்குறைய நடவாத காரியம். நம் கதைகளில் வேற்றுக்கிரகவாசிகள் பறக்கும் தட்டில் வந்து இறங்கிவிடுகிறார்கள்; அந்தத் தட்டை எந்த உலையில் வார்த்தார்கள் என்று யாரும் கேட்பதில்லை.

உயிர் தோன்றிவிட்டால் அறிவும் தானே வந்துவிடும் என்ற எண்ணத்துக்குப் பூமியின் வரலாறு துணை நிற்கவில்லை. பூமிக்கு வயது சுமார் 454 கோடி ஆண்டுகள். 350 கோடி ஆண்டுகளுக்கு முன்பே இங்கே உயிர் இருந்தது. ஆனால் அதற்குப் பிறகு 150 கோடி ஆண்டுகளுக்கும் மேலாக எளிய ஒருசெல் உயிர்களைத் தவிர வேறெதுவும் குறிப்பிடும்படி இல்லை. விலங்கு, தாவரம், காளான் அனைத்துக்கும் அடிப்படையான சிக்கலான செல் நாம் அறிந்தவரை ஒரே ஒரு முறைதான் தோன்றியது. ஒப்பிட்டுப் பாருங்கள்: கண் பல உயிர்வரிசைகளில் தனித்தனியே உருவானது; பறக்கும் திறன் பூச்சி, டெரோசார் என்னும் பழங்கால ஊர்வன, பறவை, வௌவால் என நான்கு முறை உருவானது. கருவியைக் கொண்டு அதைவிடச் சிக்கலான கருவியைச் செய்துகொண்டே போகும் அறிவு ஒரே கிளையில் மட்டும், அதுவும் மிகப் பிந்தி வந்தது. டைனோசர்கள் 16 கோடி ஆண்டுகள் கோலோச்சியும் அந்தத் திசைக்குப் போகவில்லை. போக வேண்டிய தேவையும் அவற்றுக்கு இல்லை. ஆகவே நுண்ணுயிர்கள் பால்வெளியில் பரவலாக இருக்கலாம், நம்மைப் போன்றவர்கள் மிக அரிது என்பதே என் கணிப்பு.

அரிது என்றாலும் இல்லை என்று பொருளாகாது. இங்கேதான் ‘எல்லோரும் எங்கே?’ என்ற பழைய கேள்வி வருகிறது. 1950 கோடையில் அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் அணு ஆய்வகத்தில் எட்வர்ட் டெல்லர் முதலியோருடன் மதிய உணவு அருந்திக்கொண்டிருந்தபோது இயற்பியலாளர் என்ரிக்கோ ஃபெர்மி கேட்டது அது. 1975இல் வானியலாளர் மைக்கேல் ஹார்ட் அதைக் கூர்மையான வாதமாக்கினார். ஒளியின் வேகத்தில் பத்தில் ஒரு பங்கு வேகத்தோடு, வழியில் தங்கித் தங்கிப் பரவும் ஒரு சமூகம்கூடச் சில பத்து லட்சம் ஆண்டுகளில் பால்வெளி முழுவதையும் நிரப்பிவிடும். பால்வெளியின் வயதோ ஆயிரம் கோடி ஆண்டுகளுக்கும் மேல். இன்னும் இங்கே யாரும் இல்லை என்றால் எங்கேயும் யாரும் இல்லை என்றார் அவர். எளிதில் ஒதுக்கிவிடக்கூடிய வாதம் அல்ல இது. ஆனால் இதன் அடியில் ஒரு துணிச்சலான அனுமானம் இருக்கிறது: ஒரு சமூகம் பத்து லட்சம் ஆண்டுகள் ஒரே வேலையைச் சலிக்காமல், சிதையாமல் செய்துகொண்டிருக்கும் என்பது. எந்தப் பேரரசும் எந்த மதமும் எந்த மொழியும் அதில் நூறில் ஒரு பங்கு காலம்கூட மாறாமல் நின்றதாக நமக்குத் தெரியாது.

ஆகவே தூரத்தைவிடக் காலத்தையே நான் பெரிய தடையாகக் கருதுகிறேன். பால்வெளியில் அறிவுள்ள சமூகங்கள் எத்தனை இருக்கலாம் என்று மதிப்பிட, 1961இல் அமெரிக்காவின் கிரீன் பேங்கில் நடந்த கூட்டத்துக்காக வானியலாளர் ஃபிராங்க் டிரேக் எழுதிய சமன்பாட்டின் கடைசி உறுப்பு, தகவல் அனுப்பும் திறன் பெற்ற ஒரு சமூகம் எவ்வளவு காலம் நீடிக்கும் என்பதே. இன்று பால்வெளியில் அப்படிப்பட்ட சமூகங்கள் பத்தாயிரம் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள், தாராளமான எண்ணிக்கைதான். அவை சீராகப் பரவியிருந்தால் அடுத்தடுத்த இரண்டுக்கு இடையே ஏறத்தாழ 900 ஒளியாண்டு இருக்கும். ஒளியின் வேகத்தில் போய்த் திரும்பவே 1,800 ஆண்டு ஆகும் என்பதால், கரிகாலன் காலத்தில் கேட்ட கேள்விக்கு இப்போதுதான் பதில் வந்து சேரும். நூறு மட்டுமே இருந்தால் இடைவெளி 9,000 ஒளியாண்டாகிவிடும். கேள்வி போய்ச் சேரும்போது கேட்டவர்கள் இருக்கமாட்டார்கள் என்று கொள்வதே நியாயம். 1974 நவம்பரில் அரசிபோ தொலைநோக்கியிலிருந்து, சுமார் 25,000 ஒளியாண்டு தொலைவிலுள்ள எம்13 விண்மீன் கொத்தை நோக்கி ஒரு செய்தி அனுப்பப்பட்டது. அது இன்னும் தன் வழியில் ஐந்நூறில் ஒரு பங்கைக்கூடப் பெரிதாகத் தாண்டவில்லை. அனுப்பிய தொலைநோக்கி 2020 டிசம்பரில் இடிந்து விழுந்துவிட்டது.

நம்புகிறீர்களா என்று நேரடியாகக் கேட்டிருக்கிறீர்கள். பால்வெளியில் எங்கோ, எப்போதோ அறிவுள்ளவர்கள் இருந்திருப்பார்கள் என்றே எண்ணுகிறேன். அவர்கள் இங்கே வந்து இறங்குவார்கள் என்றோ, நாம் அவர்களோடு உரையாடுவோம் என்றோ எண்ணவில்லை. (அமெரிக்க நாடாளுமன்றத்தில் 2023இல் சொல்லப்பட்ட, வேற்றுலக விண்கலங்கள் அகப்பட்டதான கதைகளுக்கு, கையில் எடுத்துப் பார்க்கக்கூடிய ஒரு துண்டு ஆதாரமும் பொதுவெளிக்கு வரவில்லை.) ஆனால் ஒரு தடயம் கிடைக்கலாம்: இயற்கையில் தானாக உருவாகாத குளோரோஃபுளோரோகார்பன் போன்ற வாயு ஒரு கோளின் வளிமண்டலத்தில் தென்படலாம், அல்லது மிகக் குறுகிய அலைவரிசையில் வரும் ஒரு வானொலிச் சமிக்ஞை திரும்பத் திரும்பக் கேட்கலாம். 1977 ஆகஸ்டில் ஓஹையோவின் ‘பிக் இயர்’ தொலைநோக்கி 72 வினாடிகள் பதிவுசெய்த புகழ்பெற்ற சமிக்ஞை பிறகு ஒருமுறைகூடத் திரும்ப வரவில்லை என்பதால்தான் அது இன்றுவரை சான்றாக ஏற்கப்படவில்லை.

அதனால் செய்தி அனுப்புவதைவிடக் கேட்பதில் பணத்தைச் செலவிடுவதையே நான் ஆதரிப்பேன். ஸ்டீஃபன் ஹாக்கிங் எச்சரித்ததுபோல் யாராவது படையெடுத்து வருவார்கள் என்ற அச்சத்தால் அல்ல. அனுப்பினால் பதில் வரும்வரை நாம் இருந்தாக வேண்டும். கேட்பதற்கு, அவர்கள் இன்னும் உயிரோடு இருக்க வேண்டும் என்ற கட்டாயம்கூட இல்லை.