போஸ்டரைப் பார்த்துப் பசங்கள் சிரித்தால்

போதைத்தடுப்புப் போஸ்டரை வரைந்து முடித்த பிறகு பசங்களிடம் கருத்துக் கேட்காதீர்கள், வெற்றுத் தாளோடு முதலிலேயே உட்கார வையுங்கள்.

உங்கள் போஸ்டரில் இருப்பது மண்டையோடும் ஊசியும். உங்கள் தெருப் பையன் கண்ணால் பார்ப்பதோ உதட்டுக்குள் அடக்குகிற புகையிலைப் பொட்டலமும் வலி மாத்திரையும். இது நம்ம கதை இல்லை என்று சிரித்துவிட்டுப் போகிறான். வெறும் பயமுறுத்தல் எடுபடாது என்று ஐ.நா.வின் போதைத்தடுப்பு வழிகாட்டியே சொல்கிறது.

ஐந்தாறு பேரைக் கூட்டி, "உன் வயசுப் பையனிடம் முதல் தடவை யார் நீட்டுவார்கள், என்ன சொல்லி நீட்டுவார்கள்?" என்று கேளுங்கள். "ஒரு தடவைதானடா மச்சான்" என்று வந்தால் அதையே எழுதுங்கள், திருத்தாதீர்கள். அந்த வயசுப் பையன் அதிலிருந்து எப்படி நழுவுவான் என்பதையும் அவர்களே சொல்லட்டும், அதுதான் போஸ்டரின் உயிர். பெண் பிள்ளைகளிடம் தனியாகக் கேளுங்கள், அவர்கள் சொல்வது வேறாக இருக்கும்.

அப்புறம் அந்தக் கூட்டத்தில் இல்லாத ஒரு பையனிடம் காட்டி, "இது எங்கே நடக்குது?" என்று கேளுங்கள். "நம்ம ஏரியாதான்" என்றால் சரி.

ஒன்றில் மட்டும் கவனம்: "நீ பயன்படுத்தினாயா, யார் விற்கிறார்கள்" என்று கூட்டத்தில் கேட்கவே கூடாது, பிள்ளைக்கு ஆபத்து. மாத்திரைப் பெயரும் எடுக்கும் விதமும் போஸ்டரில் வேண்டாம். அடியில் 14446 என்ற போதை மீட்பு உதவி எண்ணைப் பெரிதாகப் போடுங்கள்.