சாய்ந்த வேம்பும் சீமைக் கருவேலமும்: தச்சரிடம் சில கேள்விகள்

மதுரையில் முப்பது வருஷமாக மரவேலை செய்கிறேன். நம் பக்கத்து மரங்களைப் பற்றி வந்த கேள்விகளுக்கு, கையில் பழகியதை வைத்துப் பதில் சொல்கிறேன்.

அண்ணே, வீட்டு வேம்பு காற்றில் சாய்ந்துவிட்டது. விறகுக்குக் கேட்கிறார்கள். கட்டில் ஆகுமா? (அலங்காநல்லூர்)

விறகுக்குக் கொடுத்துவிடாதீர்கள் தம்பி. அடிமரம் நாலு அடிச் சுற்று இருந்தாலே கட்டிலுக்குச் சட்டம் கிடைக்கும். சீக்கிரமே அறுவை மில்லுக்குக் கொண்டுபோய் ஒன்றரை அங்குலப் பலகையாக அறுத்துவிடுங்கள். நிழலில், தரையிலிருந்து ஒரு அடி உயர்த்தி, பலகைக்குப் பலகை ஒரே கனமுள்ள குச்சிகளை இடையில் கொடுத்து அடுக்க வேண்டும். குச்சிகள் ஒன்றுக்கு மேல் ஒன்று நேராக நிற்கட்டும், இல்லையென்றால் பலகை கோணிக்கொள்ளும். இரண்டு முனைகளிலும் பெயிண்ட் அடியுங்கள். ஈரம் முனை வழியாகத்தான் வேகமாக வெளியேறும், வெடிப்பும் அங்கேதான் தொடங்கும்.

காய்வதற்கு அங்குலத்துக்கு ஒரு வருஷம் என்பது பழைய கணக்கு. பொறுத்திருங்கள். பச்சை மரத்தில் ஐப்பசி மழையில் செய்த கட்டில் சித்திரை வெயிலில் ஆடும். அப்புறம், வேம்புக்குப் பூச்சியே வராது என்று நம்ப வேண்டாம். நடுவில் இருக்கும் கெட்டியான வைரம் தாங்கும், அதைச் சுற்றியுள்ள வெளிர் நிற வெளிறு தாங்காது. வெளிறைச் செதுக்கிக் கழித்துவிடச் சொல்லுங்கள்.

சீமைக் கருவேலத்தில் மேசை செய்யலாமா? வீட்டில் சிரிக்கிறார்கள். (திருச்சுழி)

தாராளமாகச் செய்யலாம். இந்த மரத்துக்காக நான் பல வருஷமாகப் பேசி வருகிறேன். நிலத்தைப் பிடித்துக்கொண்ட அந்நிய மரம் என்பதால் இதை அகற்றச் சொல்லி உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2017-லேயே உத்தரவிட்டது. வெட்டுவதில் பெரும்பகுதி கரிமூட்டத்துக்குத்தான் போகிறது. ஆனால் உள்ளே இருக்கும் வைரம் நல்ல செம்பழுப்பு. காயும்போது மிகக் குறைவாகவே சுருங்கும், அதனால் மூட்டுகள் இறுக்கமாக நிற்கும். குறை, நீளம்தான். கோணல் மாணலாக வளர்வதால் மூன்று நாலு அடிக்கு மேல் நேர்த்துண்டு அபூர்வம். எனவே முக்காலி, மேசைக் கால், சிறு பலகைகளை ஒட்டிச் சேர்த்த மேசைப்பரப்பு என்று யோசியுங்கள். உளியை அடிக்கடி தீட்ட வேண்டியிருக்கும், கூலி கொஞ்சம் கூடும். ஒரு உயிருள்ள காட்டு மரத்தைக்கூடத் தொடாமல் கிடைக்கும் மேசை அது.

ஈட்டி மரத்தில் (ரோஸ்வுட்) ஊஞ்சல் செய்து தருவீர்களா ஐயா? (கே.கே. நகர்)

மாட்டேன் அம்மா. மெதுவாக வளரும் மரம். 2017 முதல் உலக வணிகத்திலேயே ஈட்டி இனங்களுக்குக் கட்டுப்பாடு இருக்கிறது. அடர்ந்த பழுப்பு வேண்டுமென்றால் வாகை பாருங்கள். அறுக்கும்போது தூள் மூக்கில் ஏறித் தும்மல் வரும், வேலை செய்பவர் துணி கட்டிக்கொள்ளட்டும்.

இடித்த செட்டிநாட்டு வீட்டுத் தேக்கு என்று விற்கிறார்கள். நம்பலாமா? (திருப்பத்தூர்)

சாயம் பூசிய வேறு மரமும் அந்தப் பெயரில் வரும். அடிப்பக்கம் இழைப்புளியால் ஒரு சீவல் எடுக்கச் சொல்லுங்கள். தேக்கு என்றால் தொட்டால் எண்ணெய்ப் பிசுக்கும், தோல் போன்ற வாசமும் இருக்கும். உண்மையான பழைய தேக்கு நன்றாகக் காய்ந்த மரம், வாங்கலாம். உள்ளே புதைந்த ஆணியைக் காந்தம் வைத்துத் தேடி எடுத்துவிட்டுத்தான் அறுக்க வேண்டும்.

மாமரக் கட்டிலின் அடியில் தினமும் மாவு மாதிரி கொட்டுகிறது. (மேலூர்)

மரத்தைத் துளைத்துத் தின்னும் உளு விழுந்திருக்கிறது. பாலிஷ் மேல் மருந்து இறங்காது, முதலில் அந்த இடத்தைச் சுரண்டி மரத்தை வெளியே கொண்டுவாருங்கள். ஒரு லிட்டர் வெந்நீரில் 60 கிராம் வெண்காரம், 40 கிராம் போரிக் பவுடர் கரைத்து, இரண்டு மூன்று முறை ஊறப் பூசுங்கள். குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். காய்ந்த பிறகு பாலிஷ். துளைகளை மெழுகால் அடைத்து வையுங்கள், புதிதாகத் துளை விழுந்தால் உடனே தெரியும். ஒரு சட்டம் மட்டும் உளுத்திருந்தால் கட்டிலைத் தூக்கி எறியாதீர்கள். ஆணி அடிக்காமல், ஒரு சட்டத்தின் செதுக்கிய முனையை (கழுந்து) இன்னொன்றின் துளையில் செருகிச் சேர்த்த கட்டிலென்றால் அந்தச் சட்டத்தை மட்டும் கழற்றி மாற்றிவிடலாம்.