கீசர் குமிழை எதில் வைப்பது?

மூணாறு மார்கழிக் குளிரில் கீசரின் வெப்பநிலைக் குமிழை 75 டிகிரியில் வைத்தால் தண்ணீர் சீக்கிரம் சுடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். சுடாது. ஹீட்டர் காயில் எப்போது அணைய வேண்டும் என்பதைத்தான் குமிழ் முடிவு செய்கிறது; வேகம் வாட்ஸைப் பொறுத்தது. 15 லிட்டர் கீசர், 2 கிலோவாட், குழாய்த் தண்ணீர் 15 டிகிரி என்றால் 60-ஐத் தொட எப்படியும் 24 நிமிடம் ஆகும், அப்புறம்தான் சிவப்பு விளக்கு அணையும்.

60-இல் வையுங்கள். அந்த 15 லிட்டரோடு 12 லிட்டர் பச்சைத்தண்ணீர் கலந்தால் 40 டிகிரியில் 27 லிட்டர் கிடைக்கும், ஒருவர் தாராளமாகக் குளிக்கலாம். 40-இலேயே வைத்தால் வெறும் 15 லிட்டர்தான். அதோடு, நிமோனியா வரவழைக்கும் லெஜியோனெல்லா கிருமி அந்த வெதுவெதுப்பில் பெருகும், 60-இல் பிழைக்காது.

ஆனால் 60 டிகிரி வெந்நீர் சில நொடிகளில் தோலைப் பொசுக்கிவிடும். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் வாளியில் முதலில் பச்சைத்தண்ணீரைப் பிடித்துவிட்டு, பிறகு வெந்நீரைத் திறங்கள்.