யார் சொன்னால் என்ன?

கேள்வி: ‘உலகில் நீ காண விரும்பும் மாற்றமாக நீயே இரு’ என்பது காந்தி சொன்னதல்ல என்று சென்ற இதழில் எழுதியிருந்தீர்கள். தினமும் காலையில் நண்பர்களுக்கு நான் அனுப்பும் பொன்மொழி அது. யார் சொன்னால் என்ன, கருத்து நல்லதுதானே? ‘எப்பொருள் யார்யார்வாய்க் கேட்பினும்’ என்று வள்ளுவரே சொல்லியிருக்கிறாரே?
– ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: கருத்து நல்லதுதான், அதில் எனக்கு வழக்கில்லை. வள்ளுவரைத் துணைக்கு அழைத்ததைத்தான் ஒப்புக்கொள்ள முடியவில்லை. யார் வாயிலிருந்து வந்தாலும் மெய் எதுவென்று பார் என்பது குறள். பார்க்காமலே பெரியவர் ஒருவரின் பெயரைச் சூட்டி அனுப்பு என்று அதில் இல்லை.

காந்தி எழுதியதும் பேசியதும் ஆங்கிலத்தில் நூறு தொகுதிகளாக வந்திருக்கின்றன. இந்த வாசகம் அவற்றில் இல்லை. நெருங்கிய ஒன்று இருக்கிறது. தென்னாப்பிரிக்காவில் அவர் நடத்திய ‘இந்தியன் ஒப்பீனியன்’ இதழில், குஜராத்தியில் எழுதிவந்த உடல்நலத் தொடரில், 1913 ஆகஸ்டில் வந்தது. அந்த வாரத்து விஷயம் பாம்புக்கடி! பாம்பைப் பற்றிச் சொல்லிக்கொண்டே மனிதனிடம் வருகிறார். வெளியுலகில் உள்ள போக்குகள் எல்லாம் நமக்குள்ளும் இருக்கின்றன. நம்மை நாம் மாற்றிக்கொள்ள முடிந்தால் உலகத்தின் போக்கும் மாறும். பிறர் என்ன செய்கிறார்கள் என்று காத்திருக்க வேண்டியதில்லை என்கிறார்.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். நீங்கள் அனுப்பும் வரி ‘நீ’ என்று அடுத்தவரைப் பார்த்துப் பேசுகிறது. காந்தி ‘நாம்’ என்று தன்னையும் சேர்த்துக்கொள்கிறார். ‘முடிந்தால்’ என்றும் ஒரு சொல் போடுகிறார். பாம்பைக் கண்டதும் கை கம்பைத் தேடும் என்று தெரிந்தவர் போடும் சொல் அது. எனக்கு அந்த ஒரு சொல் பொன்மொழி முழுவதையும்விடப் பெரிது. வாழ்த்து அட்டைக்காக வெட்டியபோது முதலில் விழுந்தது அதுதான்.

எழுதி மூன்று மாதம் ஆகவில்லை. நவம்பர் 6 அன்று 2,037 ஆண்கள், 127 பெண்கள், 57 குழந்தைகளோடு அவர் தென்னாப்பிரிக்காவின் டிரான்ஸ்வால் மாகாண எல்லையைக் கடக்க நடந்தார். ஒப்பந்தக் காலம் முடிந்த இந்தியத் தொழிலாளர்கள்மீது விதித்த மூன்று பவுன் தலைவரியை எதிர்த்து, பக்கத்து மாகாணமான நேட்டாலின் சுரங்கங்களில் வேலையை நிறுத்திவிட்டு வந்தவர்கள். தமிழர்கள் ஏராளம். ‘காத்திருக்க வேண்டியதில்லை’ என்றதை எப்படிப் படிப்பது என்று அந்த நடையைப் பார்த்தால் தெரியும்.

பெயரை மாற்றினால் உண்மையில் சொன்னவரும் தொலைந்துபோகிறார். ‘நீ சொல்வது எனக்கு உடன்பாடில்லை, ஆனால் அதைச் சொல்லும் உன் உரிமைக்காக உயிரையும் கொடுப்பேன்’ என்று பிரெஞ்சுச் சிந்தனையாளர் வால்டேர் பெயரில் மேடைதோறும் முழங்குகிறோம். 1906இல் அவரது மனப்போக்கை விளக்க எவலின் பீட்ரிஸ் ஹால் என்ற பெண்மணி தம் சொற்களில் எழுதியது அது. எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரியும்?

நாளைக் காலை அனுப்ப ஒன்று வேண்டுமென்றால், அதே 1913 போராட்டத்தில் சிறை சென்ற தில்லையாடி வள்ளியம்மை சொன்னதை அனுப்புங்கள். பதினாறு வயது. மூன்று மாதக் கடுங்காவல் தண்டனை. காய்ச்சலோடு வெளியே வந்து, 1914 பிப்ரவரி 22 அன்று இறந்துபோனாள். படுக்கையில் கிடந்தவளிடம், சிறைக்குப் போனதற்கு வருந்துகிறாயா என்று கேட்டதாகக் காந்தியே எழுதியிருக்கிறார். வருத்தமா, கைது செய்தால் இப்போதும் போவேன் என்றாளாம். செத்துப்போனால்? அதைப் பற்றிக் கவலையில்லை, தாய்நாட்டுக்காகச் சாக யார்தான் விரும்பமாட்டார்கள் என்றாளாம். அவள் பிறந்தது ஜோகன்னஸ்பர்க்கில். அந்தத் தாய்நாட்டை அவள் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை.