இரத்தக் குழாய்க்கு 61 வயது என்று சொன்ன இயந்திரம்

கேள்வி: டாக்டர், எனக்கு வயது 47. குடும்பம் பட்டர்வொர்த்தில், வேலை பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில், ஷிப்ட் சூப்பர்வைசர். கம்பெனி மருத்துவப் பரிசோதனையில் வெறும் வயிற்றுச் சர்க்கரை 6.3, எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை) 6.0, இரத்த அழுத்தம் 138/86, டிரைகிளிசரைடு என்னும் இரத்தக் கொழுப்பு 2.4, நல்ல கொழுப்பான எச்டிஎல் 0.9, இடுப்புச் சுற்றளவு 98 சென்டிமீட்டர் என்று வந்தது. இன்னும் இனிப்பு நீர் (நீரிழிவு) இல்லை, கவனமாக இருங்கள் என்று மட்டும் சொன்னார்கள். போன வாரம் ஒரு பேரங்காடியில், விரலில் கிளிப் மாட்டிப் பார்த்த இயந்திரம் என் இரத்தக் குழாய்க்கு 61 வயது என்றது. உயிரணுக்களை இளமையாக்கும் மாத்திரை என்று மாதம் 380 வெள்ளிக்கு (ரிங்கிட்) அங்கேயே விற்கிறார்கள். சர்க்கரைக்கும் குழாயின் வயதுக்கும் என்ன தொடர்பு? மாத்திரையை வாங்கலாமா?

பதில்: மாத்திரை வேண்டாம். 61 என்ற எண்ணையும் மனத்தில் ஏற்றிக்கொள்ள வேண்டாம். விரல் நுனியில் ஒளியைப் பாய்ச்சி, நாடித்துடிப்பின் அலையைப் படித்து, அதிலிருந்து ஒரு வயதைக் கணித்துச் சொல்லும் அத்தகைய கருவிகள், சற்றுமுன் குடித்த காப்பி, இரவு ஷிப்ட்டில் கெட்ட தூக்கம், பேரங்காடியின் குளிரில் சில்லிட்ட விரல் ஆகியவற்றில் எதனாலும் தடுமாறக்கூடியவை. குழாயின் விறைப்பை முறையாக அளப்பதென்றால், கழுத்து நாடிக்கும் தொடை நாடிக்கும் இடையே துடிப்பலை பாயும் வேகத்தைப் பார்ப்பார்கள்; அது நொடிக்கு 10 மீட்டரைத் தாண்டினால் பெருந்தமனி விறைத்திருப்பதாகக் கொள்வது வழக்கம். உங்களுக்கு இப்போது அந்தச் சோதனைகூடத் தேவையில்லை. கம்பெனி அறிக்கையே போதிய அளவு பேசுகிறது.

அறிக்கையின் எண்களைத் தனித்தனியாகப் பார்த்தால் எதுவும் அச்சுறுத்தாது. மலேசிய மருத்துவ வழிகாட்டியின்படி எச்பிஏ1சி 6.3-ஐத் தொட்டால்தான் இனிப்பு நீர் என்பார்கள். நீங்கள் அதற்குச் சற்றுக் கீழே நிற்கிறீர்கள். ஆனால் இடுப்புச் சுற்றளவு (இந்திய வம்சாவளி ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரே எல்லை), டிரைகிளிசரைடு, எச்டிஎல் (இது மட்டும் எல்லைக்குக் கீழே போகக் கூடாது), இரத்த அழுத்தம், வெறும் வயிற்றுச் சர்க்கரை ஆகிய ஐந்தில் மூன்று எல்லை மீறினாலே வளர்சிதைமாற்றக் கோளாறு என்று சொல்கிறோம். உங்களுக்கு ஐந்தும் மீறியிருக்கின்றன. 2019 தேசியச் சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் இருந்தது. இந்தியர்களை மட்டும் எடுத்தால் அது 31.4 விழுக்காடு. "கவனமாக இருங்கள்" என்ற இரண்டு சொற்களோடு உங்களை அனுப்பி வைத்தது போதாது என்பதே என் எண்ணம்.

இனி, தொடர்பு என்னவென்று கேட்டதற்கு வருகிறேன். இரத்தக் குழாயின் உட்புறத்தை ஒரே ஓர் உயிரணுவின் பருமன் கொண்ட படலம் மூடியிருக்கிறது. குழாய் தளர்ந்து விரிவதற்கான நைட்ரிக் ஆக்சைடு என்னும் வாயுவை அந்தப் படலம்தான் சுரக்கிறது. இரத்த ஓட்டத்தில் அவ்வாயுவின் பங்கைக் கண்டறிந்த மூவருக்கு 1998-இல் நோபல் பரிசு கிடைத்தது. தசை உயிரணுவுக்குள் சர்க்கரை நுழைய இன்சுலின் வந்து கதவைத் திறக்க வேண்டும். உட்படல உயிரணுவுக்கு அப்படி ஒரு கதவு இல்லை. இரத்தத்தில் சர்க்கரை ஏறினால் அதற்குள்ளும் ஏறிவிடும், மறுக்க வழியில்லை. அளவுக்கு மீறி வந்த சர்க்கரையை எரிக்கும்போது வெளிப்படும் வீரியமிக்க ஆக்சிஜன் மூலக்கூறுகள் நைட்ரிக் ஆக்சைடை அழிக்கின்றன.

இதைவிட நுட்பமான தீங்கு ஒன்றும் உண்டு. இன்சுலின் இந்தப் படலத்துக்கு இரண்டு கட்டளைகளைத் தருகிறது: ஒன்று நைட்ரிக் ஆக்சைடைச் சுரக்கச் சொல்வது, மற்றது குழாயைச் சுருக்கும் எண்டோதெலினைச் சுரக்கச் சொல்வது. தொப்பையின் உள்கொழுப்பால் இன்சுலினுக்கு உடல் செவிசாய்க்காமல் போகும்போது முதல் கட்டளை மட்டுமே மங்குகிறது, இரண்டாவது மங்குவதில்லை. கணையமோ அந்த எதிர்ப்பை வெல்வதற்காக மேலும் மேலும் இன்சுலினை அனுப்பிக்கொண்டிருக்கிறது. ஆகவே சர்க்கரை அளவு "இன்னும் இனிப்பு நீர் இல்லை" என்னும் நிலையில் இருக்கும் ஆண்டுகளிலேயே குழாய் சுருங்கவும் அழுத்தம் ஏறவும் தொடங்கிவிடுகின்றன. உங்கள் 138/86-ஐ நான் இப்படித்தான் படிக்கிறேன், வேலைப் பளுவின் விளைவாக மட்டும் அல்ல.

அடுத்தது குழாயின் சுவர். தோசையின் ஓரம் முறுகிச் சிவப்பதும் ரொட்டி சானாய் கல்லில் பொன்னிறமாவதும், சர்க்கரையும் புரதமும் வெப்பத்தில் பிணைவதால். மயார் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் 1912-இல் விவரித்த வினை அது. அதே வினை உடல் வெப்பத்தில் மிக மெதுவாக நமக்குள்ளும் நடக்கிறது. இரத்தச் சிவப்பணுவில் இப்படிச் சர்க்கரை ஒட்டிய அளவைத்தான் எச்பிஏ1சி காட்டுகிறது. சிவப்பணு ஏறக்குறைய 120 நாளில் தன்னோடு அந்தச் சர்க்கரையையும் கொண்டு போய்விடும். தமனிச் சுவரின் கொலாஜன் என்னும் புரதமோ பல்லாண்டுகள் அங்கேயே இருப்பது. அதில் ஒட்டிய சர்க்கரையால் அதன் இழைகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு சுவர் விறைக்கிறது. சுவருக்கு மீள்தன்மை தரும் எலாஸ்டினை உடல் பெரும்பாலும் கருவிலும் குழந்தைப் பருவத்திலுமே உருவாக்கிவிடுகிறது. பிறகு தேய்வதுதான், புதிதாக வருவது மிகக் குறைவு.

உயிரணுக்களின் மூப்பை விரைவாகச் சொல்லிவிடலாம், ஏனெனில் விற்பனையாளர்கள் பேசும் அளவுக்கு அது நமக்கு இன்னும் கைவசமாகவில்லை. மனித உயிரணு குறிப்பிட்ட தடவைகளுக்கு மேல் பிரிவதில்லை என்று ஹேஃப்ளிக் 1961-இல் காட்டினார். பிரிவதை நிறுத்தியும் சாகாமல் தங்கிவிடும் முதிய உயிரணுக்கள் அழற்சிப் பொருள்களைச் சுற்றிலும் கசியவிடுகின்றன. தொப்பைக் கொழுப்பும் நீடித்த உயர் சர்க்கரையும் அவற்றைப் பெருக்குகின்றன. சந்தையில் இப்போது புழங்கும் என்எம்என் போன்ற மாத்திரைகள் இரத்தத்தில் ஒரு வேதிப்பொருளின் அளவை உயர்த்துவது உண்மைதான். ஆனால் அவை மாரடைப்பையோ பக்கவாதத்தையோ குறைத்ததாகக் காட்டிய நீண்டகால ஆய்வு எதுவும் இல்லை. பெட்டியின்மேல் "மால்" என்று தொடங்கும் பதிவு எண் இருந்தால் அது பதிவு பெற்ற பொருள் என்றுதான் பொருள். இளமை திரும்பும் என்பதற்கான சான்று அதில் அடங்காது.

எது திரும்பும், எது திரும்பாது? தேய்ந்த எலாஸ்டின் திரும்பாது. உட்படலத்தின் செயல்திறன் திரும்பும், அதுவும் சில வாரங்களில் மேம்படத் தொடங்கும். ஆனால் காலம் தாழ்த்துவதற்கு விலை உண்டு. பிரிட்டனில் புதிதாக இனிப்பு நீர் கண்டவர்களை 1977 முதல் 1997 வரை பின்தொடர்ந்த பெரிய ஆய்வு முடிந்த ஓராண்டுக்குள், சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்திருந்தவர்களுக்கும் மற்றவர்களுக்கும் இடையிலான சர்க்கரை வேறுபாடு மறைந்துவிட்டது. அப்படியிருந்தும் பத்தாண்டுகள் கழித்துப் பார்த்தபோது முதல் பிரிவினருக்கே மாரடைப்பு குறைவாக இருந்தது. குழாய்கள் பழையதை நினைவில் வைத்திருக்கின்றன.

நம்மவர்களைப் பொறுத்தவரை எனக்கு மிகவும் பயன்படுவது 2006-இல் வெளியான சென்னை ஆய்வு. உங்களைப் போல எல்லையில் நின்ற 531 பேரில், வழக்கமான ஆலோசனை மட்டும் பெற்றவர்களில் 55 விழுக்காட்டினருக்கு மூன்றாண்டுகளில் இனிப்பு நீர் வந்தது. உணவையும் நடையையும் சீர்செய்தவர்களில் அது 39.3 விழுக்காடு. அவர்களின் எடை பெரிதாகக் குறைந்துவிடவில்லை என்பதைக் கவனியுங்கள். தராசு அசையவில்லையே என்று ஒரு மாதத்தில் கைவிட்டுவிடுகிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

இரவு உணவுக்குப் பின் பதினைந்து நிமிடம் நடப்பதிலிருந்து தொடங்குங்கள். இயங்கும் தசை இன்சுலினின் உதவியில்லாமலே சர்க்கரையை உள்ளிழுத்துக்கொள்ளும். எந்த மாத்திரைக் கடையிலும் இதற்கு ஈடு கிடையாது. கடையில் "குராங் மானிஸ்" (இனிப்பைக் குறையுங்கள்) என்று சொல்லிவிட்டால் போதும் என்று நினைக்காதீர்கள். கெட்டிப்பாலின் எடையில் ஏறக்குறைய பாதி சர்க்கரைதான். பால் வேண்டுமென்றால் "தே சி கோசோங்" (சர்க்கரை சேர்க்காமல், இனிப்பில்லாப் பால் விட்ட தேநீர்) கேளுங்கள். நாசி கண்டாரை (குழம்பு, கறிகளோடு பரிமாறும் சோறு) துறக்கச் சொல்லவில்லை. சோற்றைப் பாதியாக்கி, குழம்பு "பஞ்சிர்" (வெள்ளமாக ஊற்றுவது) வேண்டாமென்று சொல்லி, வெண்டைக்காயைக் கூட்டி வாங்கலாம். இரவு ஷிப்ட் நாள்களில் நள்ளிரவுக்குப் பின் கனமாகச் சாப்பிடாமல் இருப்பதும், பகலில் அறையை இருட்டாக்கித் தூங்குவதும் பயன் தரும். புகைப்பழக்கம் பற்றி நீங்கள் எழுதவில்லை. இருந்தால், இந்தப் பட்டியல் முழுவதற்கும் முன்னால் அதை வைத்து நிறுத்துங்கள்.

இரத்த அழுத்தத்தை ஒரு வாரம் வீட்டில் காலையும் மாலையும் அளந்து எழுதிக்கொண்டு, பக்கத்திலுள்ள கிளினிக் கெசிஹாத்தானுக்கு (அரசு சுகாதார நிலையம்) செல்லுங்கள். குடிமக்களுக்கு அங்கே ஒரு வெள்ளிதான் கட்டணம். சிறுநீரில் அல்புமின் கசிகிறதா என்ற சோதனையைக் கேளுங்கள், ஏனெனில் உட்படலம் பழுதாவதை முதலில் காட்டிக்கொடுக்கும் இடங்களில் சிறுநீரகமும் ஒன்று. அழுத்தத்துக்கோ கொழுப்புக்கோ மருந்து தொடங்குவது பற்றி அங்குள்ள மருத்துவரே உங்கள் முழு விவரத்தையும் பார்த்து முடிவு செய்யட்டும். எச்பிஏ1சி-யை மூன்று மாதம் கழித்துப் பாருங்கள். அதற்கு முன் பார்த்தால் பழைய சிவப்பணுக்களின் கணக்கும் அதில் கலந்திருக்கும். உற்சாக மிகுதியில் முதல் வாரமே பினாங்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலின் 513 படிகளை ஒரே மூச்சில் ஏறிப் பார்க்க வேண்டாம். நடக்கும்போது நெஞ்சு இறுகினாலோ, இடது கையிலோ தாடையிலோ வலி பரவினாலோ, அங்கேயே நின்று 999-ஐ அழையுங்கள்.